விமானத்தளத்துக்கு அருகிலுள்ள இங்கிலாந்துக் கிராமத்துக்கு அம்மாவை அனுப்பலாமா?

கேள்வி: கல்லடியூரான்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிராமங்களில் வசித்த அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் தங்கை தாதியாக வேலை கிடைத்துக் கடந்த ஆண்டு குடும்பத்துடன் இங்கிலாந்துக்குச் சென்றாள். சஃபோக் மாவட்டத்தில் லேக்கன்ஹீத் என்ற கிராமத்தின் ஓரத்தில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு யூன் மாதம் இரண்டாவது பிள்ளை பிறக்க இருப்பதால், அம்மாவை ஆறு மாத விசாவில் அழைத்துத் தன்னுடன் வைத்துக்கொள்ள விரும்புகிறாள். அம்மாவுக்கும் போக ஆசைதான். ஆனால் அந்தக் கிராமத்தை ஒட்டியே அமெரிக்கப் போர் விமானங்கள் நிற்கும் பெரிய தளம் ஒன்று இருக்கிறது. தங்கை தொலைபேசியில் பேசும்போதே சில வேளைகளில் பேச்சை நிறுத்திவிடுவாள். விமானம் கடந்து போகும்வரை இருவரும் காத்திருந்துவிட்டுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. நாங்கள் இலங்கையின் கிழக்கே வாகரைப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். போரினால் 2006 ஆம் ஆண்டின் கடைசியில் இடம்பெயர்ந்து, பின்னர் மட்டக்களப்பின் கல்லடியில் குடியேறினோம். குண்டு வீச கிபிர் போர் விமானம் வரும் சத்தம் எப்படிப்பட்டது என்று இங்குள்ள பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் சத்தம் கேட்ட உடனே அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டுத்தான் எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடுவார். புகை எழுந்தால் ஆட்கள் இருப்பது மேலே தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. இப்போது வீட்டில் எரிவாயு அடுப்பு. ஆனாலும் புதூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஏதாவது ஒன்று எழும்பி வாவிக்கு மேலாக வந்தால், அம்மா அடுப்பின் திருகியை மூடிவிட்டு, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்பார். சத்தம் அடங்கிய பின்னும் சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு, மறுபடியும் அடுப்பைப் பற்றவைப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், நாங்களும் கேட்டதில்லை.

இந்த நிலையில் அவரை அங்கே அனுப்புவது சரியா? விமானங்கள் எந்த நேரங்களில் பறக்கும், இரவிலும் பறக்குமா, சத்தம் எவ்வளவு என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்துடன், மச்சான் அந்தக் கிராமத்திலேயே ஒரு வீட்டை வாங்கிவிடலாம் என்றும் யோசிக்கிறார். தளத்துக்கு அருகில் வீடு வாங்குபவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் ஏதாவது பாதுகாப்புத் தருகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: படுவான்கரை மகள்

வணக்கம் அண்ணா. நான் கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்தவள். லேக்கன்ஹீத்துக்கு அருகிலுள்ள பெக் ரோ என்ற கிராமத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது வேறு ஊருக்கு மாறிவிட்டோம். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில், அங்கே இருப்பது ஒரு தளம் அல்ல, இரண்டு. லேக்கன்ஹீத்தில் எஃப்-15, எஃப்-35 போர் விமானங்கள் இருக்கின்றன. எஃப்-35 விமானங்கள் 2021 டிசம்பரில் வரத் தொடங்கின. சிறிது தூரம் தள்ளி, பெக் ரோவை ஒட்டி மில்டன்ஹோல் தளம் இருக்கிறது. அங்கிருந்து வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் பெரிய விமானங்கள் பறக்கின்றன. இரண்டுக்கும் பெயர் பிரித்தானிய விமானப்படையின் தளம் என்றுதான். காணியும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சினுடையதுதான். ஆனால் உள்ளே இருந்து நடத்துபவர்கள் அமெரிக்கர்கள். லேக்கன்ஹீத்தில் இப்போது இருக்கும் படையணி 1960 சனவரியில் பிரான்சிலிருந்து வந்தது. அதற்கு முன்னரே, முதலாம் உலகப் போர்க் காலத்தில், முயல்கள் வளர்த்த அந்த மணல் வெளியில் குண்டு வீசிப் பழகியிருக்கிறார்கள். 1940 இல் பகைவரை ஏமாற்றுவதற்காக அங்கே போலி விமானத்தளம் ஒன்றை அமைத்து, அடுத்த ஆண்டு அதையே உண்மையான தளமாக்கினார்கள். ஆகவே அந்தக் கிராமத்தில் இன்று உயிரோடு இருப்பவர்களில் பெரும்பாலானோர் விமானச் சத்தம் இல்லாத லேக்கன்ஹீத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அது ஊர்க் காற்றைப் போல. "பழகிவிடும்" என்று அவர்கள் உங்கள் தங்கையிடம் சொல்வது மனதாரத்தான். ஆனால் அவர்களுடைய பழக்கத்தை வைத்து உங்கள் அம்மாவை அளக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் ஒரு தொகுதியும் பிற்பகலில் ஒரு தொகுதியுமாகப் புறப்பட்டுப் போய்த் திரும்பி வரும். சனி, ஞாயிறு பெரும்பாலும் அமைதி. அமெரிக்கர்களின் விடுமுறை நாட்களான யூலை 4, நவம்பர் மாதத்து நன்றியறிதல் நாள் ஆகியவற்றிலும் வானம் ஓய்ந்திருக்கும். இரவுப் பறப்பும் உண்டு. குளிர்காலத்தில் நேரத்தோடு இருட்டிவிடுவதால் அப்போது சற்று முன்னதாகவே முடிந்துவிடும், கோடையில் இருட்டுவதற்கே நேரமாகும் என்பதால் இரவு நேரம் சென்றும் நடக்கலாம். இரவில் பறக்கும் வாரங்களைத் தளத்தினர் முன்கூட்டியே அறிவிப்பார்கள். தங்கை அந்த அறிவிப்புகளைத் தவறாமல் பார்க்கட்டும்.

சத்தம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. அம்மாவுக்கு முக்கியமானது இந்த வேறுபாடுதான் என்று நினைக்கிறேன். எஃப்-15 புறப்படும்போது, இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகைக்குள் மேலும் எரிபொருளைப் பீச்சி எரிப்பார்கள். அப்போது எழும் சத்தத்தைக் காதை விட நெஞ்சுதான் முதலில் உணரும். சமையலறை அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும். அது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எரிபொருள் விமானத்தின் சத்தம் கனமாக இழுத்துக்கொண்டே போகும்; அதில் திடுக்கிடல் இல்லை. நான் உங்களை எச்சரிக்க விரும்புவது மூன்றாவது வகையைப் பற்றி. மில்டன்ஹோலில் ஒஸ்பிரே என்ற விமானங்கள் இருக்கின்றன. அவை ஹெலியைப் போல நேராக எழும்பி, பிறகு சுழலிகளை முன்பக்கமாகச் சாய்த்து விமானமாகப் பறக்கும். அந்தத் தடதடப்பு தொலைவிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வரும். என் மாமியார் எங்களுடன் நான்கு மாதம் இருந்தபோது, போர் விமானங்களைச் சகித்துக்கொண்டவர், இந்த ஒஸ்பிரே வந்தால் மட்டும் யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவார். எங்கள் பக்கத்தில் ஹெலியின் சத்தம் எதற்கு முன்னோடியாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. தளத்தில் பயிற்சி நாட்களில் ஒலிபெருக்கியில் அபாயச் சங்கு ஊதுவார்கள். காற்று அந்தப் பக்கமாக இருந்தால் அது வீட்டுக்கே கேட்கும். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஊர் நல்ல ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். நடுக்காலத்துச் சுவரோவியங்கள் உள்ள பழைய தேவாலயம் ஒன்று லேக்கன்ஹீத்தில் இருக்கிறது. அதன் கூரை மரங்களில் சிறகு விரித்த தேவதூதர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பாடசாலையில் அமெரிக்கப் பிள்ளைகள், போலந்துப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். வாடகைதான் சிரமம். அமெரிக்கப் படையினருக்கு வீட்டு வாடகைக்கென்று தனியாகப் படி கிடைப்பதால், வீட்டுக்காரர்கள் அவர்களையே எதிர்பார்த்து விலை சொல்வார்கள்.

அம்மா போகட்டும் என்பதே என் கருத்து. ஆனால் அவர் போய்ச் சேரும் நாள் வெள்ளி இரவாகவோ சனிக்கிழமையாகவோ இருக்கட்டும். முதல் இரண்டு நாட்கள் அந்த வீட்டை அமைதியான வீடாக அவர் அறிந்துகொண்ட பிறகு சத்தம் வருவது வேறு. வாசலில் கால் வைக்கும்போதே வருவது வேறு.

பதில்: அக்கரைப்பற்று நில அளவையாளர்

தம்பிக்கு வணக்கம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அம்பாறை மாவட்டத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மூத்த மகன் பீற்றர்பரோ நகரில் வசிப்பதால் அந்தப் பகுதிக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். வீடு வாங்குவது பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றதற்கு மேலே எழுதிய தங்கச்சியின் பதிலே போதும்.

மகனுடைய வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் விற்றரிங் என்ற விமானத்தளம் இருக்கிறது. ஹரியர் என்ற போர் விமானங்களின் விமானிகளுக்கு அங்கேதான் பயிற்சி கொடுத்தார்கள். தளத்துக்குப் பக்கத்தில் பெரிய பழைய மாளிகையும் காணியும் வைத்திருந்த ஒரு குடும்பம், இந்தச் சத்தத்தில் வாழ முடியவில்லை என்று பாதுகாப்பு அமைச்சுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2003 இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சத்தம் சட்டப்படி தொல்லைதான் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். வீட்டில் நிம்மதியாக வாழும் மனித உரிமையும் பாதிக்கப்பட்டது என்றார். ஆனால் விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பது நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்பதால் பறப்பதை நிறுத்தச் சொல்ல மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக 950,000 பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. நாட்டின் நன்மைக்காக ஒரு சிலர் மட்டும் சுமக்கும் பாரத்தின் செலவை அந்தச் சிலரின் தலையிலேயே விட்டுவிடக் கூடாது என்ற நியாயம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நான் அதை வாசித்தபோது, என் வேலைக் காலத்தில் அளந்து கொடுத்த சில காணிகள் நினைவுக்கு வந்து, நெடுநேரம் வேறெதையும் வாசிக்க முடியவில்லை.

ஆனால் உங்கள் மச்சான் இதை நம்பி வீடு வாங்கக் கூடாது. அது பெரும் செலவு செய்து நடத்திய வழக்கு. அந்தக் குடும்பத்தின் வீடு ஓடுபாதைக்கு மிக அருகில், நேரடியாகப் பறப்பின் பாதையில் இருந்தது. சாதாரண வீட்டுக்காரருக்குக் கிடைக்கக் கூடியது, குறிப்பிட்ட ஒலி எல்லைக்குள் வரும் வீடுகளுக்குச் சத்தத்தைக் குறைக்கும் வேலைகளுக்காகப் பாதுகாப்பு அமைச்சு தரும் நிதியுதவிதான். வாங்க நினைக்கும் வீடு அந்த ஒலி வரைபடத்தின் எந்தக் கோட்டுக்குள் வருகிறது என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே சட்டத்தரணி மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையில் போக வேண்டாம். விற்பவர்கள் அந்த நாளைத்தான் விரும்பிச் சொல்வார்கள். செவ்வாய் அல்லது புதன், காலை பத்து மணிக்குப் போய் அந்த வளவில் ஒரு மணி நேரம் நிற்கட்டும்.

காணி அளந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல அனுமதியுங்கள். 1938 இல் இங்கிலாந்தின் டோர்செற் மாவட்டத்தில் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கரை விமானப்படை குண்டு வீசிப் பழகுவதற்காக அரசு கட்டாயமாக வாங்கியது. போர் முடிந்த பிறகு அதை உரியவர்களிடம் திருப்பி விற்காமல் விவசாய அமைச்சு தன் கையில் வைத்துக்கொண்டது. முன்னைய உரித்தாளர் குடும்பம் விடாமல் போராடியதில், விசாரணை நடந்து, 1954 இல் விவசாய அமைச்சர் பதவி விலக வேண்டி வந்தது. அரசு கட்டாயமாக எடுத்த காணி இனித் தேவையில்லை என்றால் முதலில் பழைய உரித்தாளருக்கே கொடுக்க முன்வர வேண்டும் என்ற விதி அங்கே நிலைத்ததற்கு அந்தப் போராட்டமே காரணம். எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை என்பதும் உண்மை. அதே டோர்செற்றில் ரைனம் என்ற கிராமத்து மக்களை 1943 டிசம்பரில் இராணுவப் பயிற்சிக்காக வெளியேற்றினார்கள். தேவாலயக் கதவில் "ஒரு நாள் திரும்பி வருவோம், எங்கள் ஊரை அன்பாக நடத்துங்கள்" என்ற கருத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பக் குடியேற இன்றுவரை விடப்படவில்லை. நம் மாவட்டத்தில் பாணமை மக்கள் 2010 இல் வெளியேற்றப்பட்டு, 2015 இல் காணியை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்த பின்னும் எத்தனை காலம் வீதியில் நின்றார்கள் என்பதைப் பார்த்தவன் நான். அதனால்தான் கிரிச்சல் டவுனை எங்கே பேச வாய்ப்புக் கிடைத்தாலும் பேசுகிறேன்.

பதில்: திருக்கோவில் வாசகி

அண்ணா, நான் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் கொனிங்ஸ்பி என்ற கிராமத்துக்கு அருகில் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை பார்க்கிறேன். இங்கே இருப்பது பிரித்தானியர்களின் சொந்தத் தளம். வான் எல்லையை அந்நிய விமானம் நெருங்கினால் உடனே எழுவதற்கு டைஃபூன் விமானங்களை இரவு பகலாக ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் புறப்பாட்டுக்கு அட்டவணை கிடையாது. லேக்கன்ஹீத்தில் அட்டவணையைக் கொண்டு அம்மாவைத் தயார்படுத்த ஓரளவாவது முடியும் என்பது எனக்கு ஆறுதலாகத் தெரிகிறது.

எங்கள் இல்லத்தில் தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். போர்க் காலத்தில் இந்தப் பகுதியில் குழந்தையாக இருந்தவர். டைஃபூன் எழும்பினால் கையிலுள்ள தேநீர்க் கோப்பையை உடனே மேசையில் வைத்துவிட்டு, கதிரையின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொள்வார். ஆனால் இதே தளத்தில் பழைய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பேணி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இன்னும் பறக்கக் கூடிய இரண்டு லங்காஸ்டர்களில் ஒன்று அது. கோடையில் அது இல்லத்துக்கு மேலாகப் போகும்போது அதே பாட்டி என்னை அழைத்து, தன்னை யன்னலருகே தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். நான்கு இயந்திரங்களின் இரைச்சல். அது அவருடைய ஊர்ப் பிள்ளைகள் ஏறிப் போன விமானம். மேலே இருப்பது யார் என்று தெரிந்த சத்தம் ஒன்று, தெரியாத சத்தம் ஒன்று. உங்கள் அம்மா கேட்ட சத்தம் எல்லாம் அவரைத் தேடி வந்த சத்தம் அல்லவா?

ஆகவே "பயப்படாதீர்கள் அம்மா" என்று யாரும் சொல்ல வேண்டாம்; அது அவரைச் சின்னப் பிள்ளையாக்கிவிடும். அதற்குப் பதிலாக, இது இன்ன விமானம், இத்தனை மணிக்குப் போகிறது, இத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்லுங்கள். எங்கள் பாட்டிக்கு நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். அவர் கோப்பையை வைப்பது நிற்கவில்லை, ஆனால் மறுபடி எடுக்கும் நேரம் குறைந்திருக்கிறது. அடுப்பை அணைப்பதையும் தடுக்க வேண்டாம். அது அவர் உங்களையெல்லாம் காப்பாற்றிய கை. புறப்படுவதற்கு முன்னால் மட்டக்களப்பிலேயே ஓர் உளநல மருத்துவரிடம் ஒரு தடவை பேசவைப்பதும் நல்லது. இங்கிலாந்தில் தமிழில் பேசக் கூடிய மருத்துவர் கிடைப்பது அரிது.

லேக்கன்ஹீத்துக்கு அருகில் பறவைகள் காப்பகமான சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது. கரட் பயிரிட்ட வயல்களாக இருந்ததை 1995 இல் வாங்கி, நீர் தேக்கி, நாணற்காடாக மாற்றினார்கள். இங்கிலாந்தின் அந்தச் சதுப்புப் பகுதியில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகக் கூடு கட்டாதிருந்த சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் 2007 இல் அங்கே கூடு கட்டின. அதே விமானங்கள் அதற்கு மேலாகவும்தான் பறக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள். வாவிக்கரையில் வாழ்ந்தவருக்கு அந்த இடம் அந்நியமாக இராது.

கேள்வி கேட்டவரின் பதில்: கல்லடியூரான்

ஏழு மாதங்களுக்குப் பிறகு எழுதுவதற்கு மன்னிக்கவும். உங்கள் மூவருக்கும் நன்றி சொல்லாமல் விட்டால் அது என் மனத்தில் கிடக்கும்.

அம்மா யூன் மாதத் தொடக்கத்தில், படுவான்கரைத் தங்கை சொன்னபடியே, ஒரு சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் சுகமாகப் பிறந்தாள். போர் விமானங்களை அம்மா எதிர்பார்த்ததை விட நன்றாகத் தாங்கிக்கொண்டார். காலையில் தங்கையின் மூத்த மகன் கடிகாரத்தைப் பார்த்து "அம்மம்மா, இனி வரும்" என்று சொல்வானாம். அங்கே மின்சார அடுப்பு. அவர் அதையும் அணைக்கத்தான் செய்கிறார். திருக்கோவில் தங்கை எழுதியதைப் படித்த பிறகு யாரும் தடுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்து நிற்பது மட்டும் குறைந்துவிட்டது என்று தங்கை சொல்கிறாள்.

ஒஸ்பிரே பற்றிய எச்சரிக்கை அப்படியே பலித்தது. யூலை மாதத்தில் ஓர் இரவு, பத்தரை மணிக்கு மேல், அது தாழ்வாக வந்திருக்கிறது. தங்கை எழும்பிப் பார்த்தபோது தொட்டிலில் பிள்ளை இல்லை. மாடிப்படிக்குக் கீழே சப்பாத்துகள் வைக்கும் மூலையில் அம்மா பிள்ளையை மடியில் வைத்து, அதன் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்தியபடி இருந்தார். பிள்ளை நித்திரையில்தான் இருந்தது. தங்கையும் விளக்கைப் போடாமல் அருகில் உட்கார்ந்துகொண்டாள். விடியும்வரை இருவரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். அன்று முதல் தடவையாக அம்மா வாகரையிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்ததைப் பற்றிப் பேசினாராம். எனக்குக்கூடத் தெரியாத சில விடயங்களைத் தங்கை மறுநாள் தொலைபேசியில் சொன்னாள்; அவற்றை இங்கே எழுத என்னால் முடியவில்லை.

வீடு வாங்கும் எண்ணத்தை மச்சான் கைவிட்டுவிட்டார். நில அளவையாளர் ஐயா சொன்னபடி ஒரு புதன்கிழமை போய் அந்த வளவில் நின்றுவிட்டு வந்தவர், வீட்டின் உள்ளே போகாமலே திரும்பிவிட்டார். ஒக்டோபரில், தளத்திலிருந்து விலகி, பரி சென்ட் எட்மண்ட்ஸ் நகரின் தெற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மாற நினைக்கிறார்கள். அம்மா நவம்பர் இறுதிவரை அவர்களுடன் இருப்பார். சதுப்பு நிலத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போகிறார்கள். பெருங்கொக்கை இரண்டு தடவை கண்டிருக்கிறார்கள். ஆனால் அம்மா முதலில் கேட்டது, இவ்வளவு நாணலையும் பன்னையும் வெட்டிப் பாய் இழைக்க இந்த ஊரில் ஆளில்லையா என்றுதான்.

பரி சென்ட் எட்மண்ட்ஸ் பக்கத்துக் கிராமங்களின் வாடகை பற்றியும், அங்கிருந்து வைத்தியசாலை வேலைக்குப் போய்வரும் பேருந்து வசதி பற்றியும் யாருக்காவது தெரிந்திருந்தால் எழுதுங்கள்.